ஒன்பதால் வகுபடும் வித்தியாசம்

போன செவ்வாய்க்கிழமை இரவு பதினொன்றே காலுக்குப் பெங்களூரிலிருந்து மகள் கூப்பிட்டாள். அந்த நேரத்தில் அவள் பெயர் செல்போனில் மின்னினால் எனக்கு முதலில் வயிறு கலங்கும், அப்புறம்தான் எடுப்பேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஆபீஸில் அவளை டீம் லீட் ஆக்குகிறார்களாம். சம்பளம் ஏறும். கூடவே, அமெரிக்காவில் பொழுது விடியும்போது இங்கே இரவு எட்டு, எட்டரைக்குத் தொடங்கும் அழைப்புகளும் அவள் தலையில் ஏறும்.

"ஒத்துக்கவா, வேண்டாம்னு சொல்லிடவாம்மா? உனக்கெல்லாம் எப்படித் தெரிஞ்சுது, எப்ப சரின்னு சொல்லணும், எப்ப முடியாதுன்னு சொல்லணும்னு?"

தெரிந்தது என்று யார் சொன்னது! நாளைக்குப் பேசலாம், தூங்கு என்று சொல்லிவிட்டு நான் தூங்காமல் கிடந்தேன். ஓர் அரசு வங்கியில் எனக்கு 29 வருஷம் ஆகிறது. கிளார்க்காகச் சேர்ந்தவள், இப்போது மூன்றாம் ஸ்கேல், அதாவது மூன்றாம் படி அதிகாரி, ஒரு கிளைக்கு மேலாளர். இதற்குள் பதவி உயர்வை ஒருமுறை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், மூன்று முறை வாங்கிக்கொண்டிருக்கிறேன். இந்த நாலு முடிவுகளில் எது சரி, எது தப்பு என்று இன்றுவரை எனக்கே டேலி ஆகவில்லை. போனில் சொல்ல வராததை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

1996-இல் வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் பி.எஸ்.ஆர்.பி. வாரியத்தின் தேர்வு எழுதி மன்னார்குடியில் ஒரு கிளையில் சேர்ந்தேன். வயது 22. நீடாமங்கலத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். அப்போது எங்கள் கிளையில் கம்ப்யூட்டர் கிடையாது. இரண்டு கையாலும் தூக்க வேண்டிய லெட்ஜர்கள், பித்தளை டோக்கன்கள், நூலில் கட்டிய வவுச்சர்கள். மாதத்துக்கொருமுறை பேலன்ஸிங் என்று ஒரு சடங்கு உண்டு. லெட்ஜரில் உள்ள ஒவ்வொரு கணக்கின் இருப்பையும் தனிப் புத்தகத்தில் எடுத்தெழுதிக் கூட்டினால், கிளையின் மொத்தக் கணக்கு இருக்கும் ஜெனரல் லெட்ஜரில் உள்ள தொகை வர வேண்டும். வராது. 270 ரூபாய் உதைக்கும். அந்த 270-ஐத் தேடிக்கொண்டு இரவு எட்டரை, ஒன்பதுவரை உட்கார்ந்திருப்போம்.

தேடுவதிலும் ஒரு வித்தை இருந்தது. எங்கள் ஹெட் கேஷியர்தான் சொல்லிக் கொடுத்தார். "வித்தியாசத்தை முதல்ல ஒன்பதால வகுத்துப் பாரும்மா. மிச்சமில்லாம வகுபட்டா, யாரோ எண்ணை மாத்திப் போட்டிருக்கோம். 630-ஐ 360-ன்னு எழுதியிருப்போம். ரெட்டைப்படையா வந்தா பாதி பண்ணிப் பாரு, அந்தத் தொகை பற்றுல விழுறதுக்குப் பதிலா வரவுல விழுந்திருக்கும்." அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் பிழை கிடைத்துவிடும். அந்த நிமிஷத்தில் வரும் சந்தோஷம் இருக்கிறதே, அதற்காகவே நான் ராத்திரி உட்கார்ந்தேன். யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை.

சேமிப்புக் கணக்கு வட்டி போடும் காலம் இன்னும் மோசம். மாதத்தின் 10-ஆம் தேதிக்கும் கடைசி நாளுக்கும் இடையில் கணக்கில் இருந்த குறைந்தபட்சத் தொகைக்குத்தான் அப்போது வட்டி. 2010 ஏப்ரலில்தான் அது தினசரி இருப்புக்கு மாறியது. ஒவ்வொரு கணக்கையும் கையால் பார்த்து, அந்தத் தொகையைப் பொறுக்கி, கூட்டி, வட்டி போட்டு... ஓவர்டைம் தருவார்கள். ஆனால் நான் ஓவர்டைமுக்காகச் செய்யவில்லை. சி.ஏ.ஐ.ஐ.பி. என்ற வங்கியியல் தேர்வுக்கும் அந்த வருஷமே பணம் கட்டினேன். தேறினால் இன்கிரிமென்ட் கிடைக்கும். எனக்கு அதைவிட, மேலாளர் அறையில் உட்கார வேண்டும் என்ற ஆசை. அந்த அறையில் மட்டும்தான் ஏ.சி. இருந்தது என்பதும் ஒரு காரணம், மறைப்பானேன்.

ஹெட் கேஷியர் நேர்மாறு. ஐந்து அடித்தால் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பேலன்ஸிங் நாளில் மட்டும் இருப்பார், அதுவும் ஓவர்டைம் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு. சங்கத்தில் பொறுப்பு. வாழ்நாளில் ஒருமுறைகூட ஆபீஸர் தேர்வு எழுதியதில்லை. "கிளார்க், கேஷியர் மாதிரி அவார்டு ஸ்டாஃபுக்கு வேலை நேரம்னு ஒண்ணு இருக்கு, அதைச் சண்டை போட்டு வாங்கி எழுத்துல வெச்சிருக்கோம். ஆபீஸரா ஆனா வாட்சைக் கழட்டி வாசல்லயே வெச்சிட்டு வரணும்" என்பார். உண்மைதான், கிளார்க்குகளுக்கு இருப்பதுபோல அதிகாரிகளுக்கு நேரக் கணக்கும் இல்லை, ஓவர்டைமும் இல்லை. ஆனால் அன்று எனக்கு அவரைப் பார்த்தால் இளக்காரமாக இருந்தது. இவ்வளவு மூளை இருக்கிற மனுஷன் இப்படிக் கூண்டுக்குள்ளேயே உட்கார்ந்து நோட்டு எண்ணிக்கொண்டிருக்கிறாரே என்று. 2001-இல் அரசு வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தபோது எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் செய்த வேலையை அப்புறம் மூன்று பேர் செய்தோம்.

2003-இல் ஆபீஸர் தேர்வில் தேறினேன். எங்கள் கிளையில் இரண்டு பேர்: நானும், என் கூடச் சேர்ந்த ஒருவரும். அவருக்கு ஒடிசாவில் போஸ்டிங். எனக்கு ஆந்திராவில் ஓர் ஊர், வரைபடத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மகளுக்கு அப்போது மூன்று வயது. என் கணவர் அரசு உதவி பெறும் பள்ளியில் கணக்கு வாத்தியார். அவருக்கு ஊர் மாற வழியில்லை. அம்மா அப்போது அண்ணன் வீட்டில், அண்ணியின் பிரசவத்துக்காக இருந்தாள். மூன்று நாள் யோசித்து, பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். எழுதிக் கொடுத்தால் அடுத்து இரண்டு வருஷம் தேர்வு எழுத முடியாது என்பது எங்கள் வங்கியின் விதி.

அன்றைக்கு மேலாளர் ஒரு வார்த்தை சொன்னார். "லேடீஸ்னாலே இப்படித்தான், பரீட்சை எழுதுவாங்க, வேலைன்னு வந்தா குடும்பம்பாங்க." என் கூடத் தேறியவருக்கு இரண்டு பிள்ளைகள், சின்னது ஒரு வயதுகூட ஆகாதது. அவர் ஒடிசாவுக்குக் கிளம்பியபோது அந்தப் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே இல்லை, அவர் மனைவி மன்னார்குடியில் இருந்தார். அவருடைய லட்சியத்துக்கு வட்டி கட்டியவர் பெயர் எந்த வவுச்சரிலும் இல்லை. இது எனக்கு அன்று புரியவில்லை. அன்று கோபம் மட்டும்தான். வீடு வரும்வரை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நமக்கு நிஜமாகவே வேலையில் பற்று இல்லையோ என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

அதற்கப்புறம் ஆறு வருஷம் ஐந்தரை மணிக்குக் கிளம்பினேன். எல்லாக் கிளைகளையும் கம்ப்யூட்டரில் இணைக்கும் கோர் பேங்கிங் வந்துவிட்டது, பேலன்ஸிங் போய்விட்டது, வித்தியாசத்தைத் தேட ஆள் வேண்டாம். மகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தேன். நல்ல வருஷங்கள்தான். ஆனால் மேலாளர் அறையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கழுத்து தானாகத் திரும்பும்.

2009-இல் மறுபடி எழுதித் தேறினேன். இந்த முறை கர்நாடகத்தில் ராய்ச்சூர். சென்னையிலிருந்து மும்பை போகும் ரயில் பாதையில் குண்டக்கல் தாண்டி வரும். இந்த முறை சரி என்றேன். எனக்குத் துணிச்சல் கூடிவிட்டது என்று அப்போது எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். மாறியது ஒன்றே ஒன்றுதான்: அம்மா எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். "போய்ட்டு வா. உன் பொண்ணு எனக்கும் பொண்ணுதான்" என்று சொல்லித் தலையணையோடு வந்து இறங்கினாள். அவளுக்கு அப்போது 63 வயது.

ராய்ச்சூரைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். அங்கே நான் சந்தோஷமாக இருந்தேன். அனல் மின் நிலையம், பருத்தி, நெல், மண்டையைப் பிளக்கிற வெயில். விவசாயிகள் வந்து "ஸால பேக்கு" என்பார்கள், கடன் வேண்டும் என்று. நம்மூரில் 'சால' என்றால் மிகவும் என்று பொருள், அதுவும் பொருத்தம்தான் என்று நினைத்துக்கொள்வேன். மூன்று மாதத்தில் கவுன்ட்டர் கன்னடம் பழகிவிட்டது. ஓர் அறை, ஒரு ஸ்டவ், வீட்டுக்குப் போனால் யாரும் இல்லை. அதனால் இரவு ஒன்பதுவரை கிளையில் இருந்தேன். பயிர்க்கடன் கோப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துச் சரி செய்தேன். வயலுக்குப் போய்ப் பார்த்துவிட்டுக் கடன் கொடுத்தேன். 22 வயதில் லெட்ஜர் முன்னால் வந்த அந்தச் சந்தோஷம் திரும்ப வந்தது. வேலைக்கும் வாழ்க்கைக்கும் நடுவே எல்லை போட வேண்டும் என்கிறார்களே, எனக்கு அங்கே போட இடமே இல்லை. ஒரு பக்கம்தான் இருந்தது. மறு பக்கத்தை நீடாமங்கலத்தில் அம்மா வைத்துக்கொண்டிருந்தாள்.

2011 மார்ச் 29, செவ்வாய்க்கிழமை. பதினொன்றரை மணிக்கு அம்மா கூப்பிட்டாள். "உன் பொண்ணு பெரிய மனுஷி ஆயிட்டாடி." கையில் ஆண்டு இறுதிக் கணக்கு. மார்ச் 31 என்றால் வங்கிக்காரர்களுக்குத் தெரியும், அன்று கிளையை விட்டு யாரும் அசைய முடியாது. நான் அப்போது இரண்டு அதிகாரிகளில் ஒருத்தி, ஸ்ட்ராங் ரூம் சாவிகளில் ஒன்று என்னிடம். மேலாளரிடம் கேட்கக்கூட இல்லை. அவர் முடியாது என்று சொன்னார் என்றால் அவர் மேல் கோபப்படலாம். நான் கேட்கவே இல்லை என்பதுதான் விஷயம். "அம்மா, ஒண்ணாந்தேதி ராத்திரி ரயில்ல வரேன்" என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, நான் தண்ணி ஊத்திடறேன்" என்றாள்.

ஏப்ரல் 1 ராத்திரி கிளம்பி, மறுநாள் சென்னையில் இறங்கி, கோயம்பேட்டில் பஸ் பிடித்து, நீடாமங்கலம் வந்து சேரும்போது இரவு பத்தே முக்கால். பஸ்ஸை விட்டு இறங்குகிறேன், ஊரே வெடிக்கிறது. தெருவெல்லாம் சரம், ராக்கெட், பையன்கள் சட்டையைக் கழற்றிச் சுழற்றுகிறார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டு வாசலில் கணவர், முகமெல்லாம் சிரிப்பு, "தோனி சிக்ஸ் அடிச்சிட்டான்!" உலகக் கோப்பை. அன்றைக்கு இறுதி ஆட்டம் என்பதே எனக்கு நினைவில் இல்லை. உள்ளே மூலையில் பாயில் மகள் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் உலக்கை. என்னைப் பார்த்து, "பாத்தியா, நீ வந்ததுக்குத்தான் வெடி போடுறாங்க" என்றாள். பதினொரு வயது. அவள் கிண்டலாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அது இன்றுவரை கிண்டலாகக் கேட்கவில்லை.

அதற்காக ராய்ச்சூருக்குப் போனது தப்பு என்று சொல்லிவிட மாட்டேன். பலமுறை சொல்லிப் பார்த்தேன், வாய் வரவில்லை.

2013-இல் இரண்டாம் ஸ்கேல். அதற்கடுத்த ஆண்டு ஆகஸ்ட்டில் நிதி அமைச்சகம் அரசு வங்கிகளுக்கு ஒரு வழிகாட்டுதல் அனுப்பியது, பெண் ஊழியர்களை முடிந்தவரை கணவரோ பெற்றோரோ இருக்கும் ஊருக்குப் பக்கத்தில் போடச் சொல்லி. அதைக் காட்டி விண்ணப்பித்து டெல்டாவுக்குத் திரும்பினேன். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு சின்னக் கிளைக்கு மேலாளர். அறை கிடைத்துவிட்டது. ஏ.சி. வேலை செய்யவில்லை.

2016 நவம்பர் 8 இரவு எட்டு மணிக்கு 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவிப்பு வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். 9-ஆம் தேதி வங்கிகளைப் பொதுமக்களுக்கு மூடி வைத்தோம். 10-ஆம் தேதி காலை ஆறு மணிக்கே ஷட்டருக்கு வெளியே வரிசை. ஆளுக்கு 4,000 மாற்றலாம் என்றார்கள், அப்புறம் 4,500, அப்புறம் 2,000. விரலில் மை வை என்றார்கள். சம்பாவுக்கு உரம் வாங்கும் நேரம் அது. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள் பழைய நோட்டு வாங்கக்கூடாது என்று நடுவில் தடை வந்தது. அங்கே கணக்கு வைத்திருந்த விவசாயிகளும் எங்களிடம் வந்து நின்றார்கள். வாரத்துக்கு 24,000 எடுக்கலாம் என்று விதி. என்னிடம் ஆளுக்கு 2,000 கொடுக்கத்தான் பணம் இருந்தது, அதுவும் புது 2,000 ரூபாய் நோட்டாக. அதை வைத்துக்கொண்டு டீக்கடையில் என்ன செய்வது என்று ஒரு பெரியவர் கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

டிசம்பர் 30 வரை காலை எட்டரைக்குப் போய் இரவு ஒன்பதே முக்கால், பத்துக்குக் கிளம்பினேன். ஞாயிறும் சில வாரம் போனேன். வாரத்துக்கு 80 மணி நேரத்துக்குக் குறையாது. 2023-இல் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று சொன்னபோது, நான் அதை ஏற்கனவே பத்து மணி நேரம் தாண்டிவிட்டேன் என்று கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டேன். நாடு முன்னேறியதா என்று தெரியாது. என் பி.பி. முன்னேறியது, அந்த ஜனவரியில் தொடங்கிய மாத்திரையை இன்னும் போடுகிறேன்.

ஆனால் அந்த ஐம்பது நாளைவிட அதற்குப் பிறகு நடந்ததுதான் மோசம். அது ஒரு நெருக்கடி, நெருக்கடியில் எல்லோரும்தான் ஓடினோம். ஓடி முடித்த பிறகு எனக்கு நிற்கத் தெரியவில்லை. 2018-இல் மூன்றாம் ஸ்கேல், தஞ்சாவூரில் பெரிய கிளை. மண்டல அலுவலகத்தின் வாட்ஸ்அப் குழு ஒன்று. தினமும் எத்தனை சேமிப்புக் கணக்கு திறந்தாய், எத்தனை இன்ஷூரன்ஸ் பாலிசி போட்டாய், எந்தக் கடன் வாராக்கடனாகும் அபாயத்தில் இருக்கிறது என்று எண் போட வேண்டும். ஏழு மணிக்கு வீடியோ கான்பரன்ஸ். மாதத்தில் சில நாள் 'லாகின் டே' என்பார்கள், அன்றைக்குக் குறிப்பிட்ட ஒரு பாலிசியை மட்டும் கூவிக்கூவி விற்க வேண்டும். அம்மா 2019-இல் இறந்தாள். பதினாறாம் நாள் முடிந்து நான் முதலில் பார்த்தது அந்தக் குழுவைத்தான்.

2021-இல் ஒரு பெண் எங்கள் கிளைக்கு அதிகாரியாக வந்தாள். 25 வயது. வேலையில் கெட்டி. ஒரு கடன் கோப்பைக் கொடுத்தால் எனக்கே தோன்றாத கேள்வி கேட்பாள். ஆனால் மாலை ஆறானால் பையை எடுத்துக்கொண்டு என் அறை வாசலில் வந்து நிற்பாள். "மேடம், என் டேபிள் முடிஞ்சுது. கிளம்புறேன்." கேட்கவில்லை, சொல்வாள். இரவு ஒன்பதுக்கு நான் கிளைக் குழுவில் போடும் செய்திக்கு அவள் காலை ஒன்பதே முக்காலுக்குப் பதில் போடுவாள். எனக்கு எரிச்சலாக வரும். நாங்களெல்லாம் எப்படி உட்கார்ந்தோம், ஒன்பதால் வகுத்து வகுத்துப் பார்த்து... அந்த வருஷ அப்ரைசலில், ஈடுபாடு என்ற இடத்தில் அவளுக்குப் பத்துக்கு ஆறு போட்டேன். கோப்புகளைப் பார்த்திருந்தால் ஒன்பது போட்டிருக்க வேண்டும். நான் பார்த்தது கடிகாரத்தை.

எழுதும்போது தெரிகிறது, 2003-இல் அந்த மேலாளர் எனக்குச் சொன்ன வாக்கியத்தை நான் அவளுக்கு மார்க்காகப் போட்டிருக்கிறேன்.

இதில் ஓர் இடைச்செருகல். வங்கியில் கட்டாய விடுப்பு என்று ஒன்று இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் விதி. 2021-இல் அதைத் திருத்தி வெளியிட்டார்கள். முக்கியப் பொறுப்பில் இருப்பவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை, சேர்ந்தாற்போல் குறைந்தது 10 வேலை நாள் விடுப்பில் போக வேண்டும். அதுவும் முன்கூட்டிச் சொல்லாமல், திடீரென்று அனுப்புவார்கள். அந்த நாட்களில் அலுவலக மின்னஞ்சலைத் தவிர வேலை சம்பந்தப்பட்ட எதையும் நேரிலோ கணினியிலோ தொடக்கூடாது. நம் உடம்பு மேல் உள்ள அக்கறை என்று நினைத்துவிடாதீர்கள். நாற்காலியில் ஒரே ஆள் நகராமல் உட்கார்ந்திருந்தால் மோசடி வெளியே தெரியாது, ஆள் நகர்ந்தால்தான் தெரியும் என்பதற்காக. ஓர் அதிகாரிக்கு இந்த வேலையில் முறையாகக் கிடைக்கிற ஒரே எல்லை, அவள் திருடியாக இருக்கலாம் என்ற சந்தேகத்தில் கிடைக்கிறது. எனக்கு இது பிடித்திருக்கிறது. ஒளிவுமறைவே இல்லை.

எந்தெந்தப் பொறுப்பு என்பதை வங்கிகளே பட்டியல் போட வேண்டும். எங்கள் பட்டியலில் கிளை மேலாளர் உண்டு. 2022-இல் ஒரு புதன்கிழமை நாலரை மணிக்கு மின்னஞ்சல் வந்தது, நாளையிலிருந்து விடுப்பு, சாவியையும் பொறுப்பையும் ஒப்படை என்று. ஒப்படைத்தது ஆறு மணிக்குக் கிளம்பும் அந்தப் பெண்ணிடம்தான், மற்ற சீனியர் அதிகாரி மருத்துவ விடுப்பில் இருந்ததால். அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கையெழுத்துப் போட்டாள், சாவியை வாங்கினாள், "ரெஸ்ட் எடுங்க மேடம்" என்றாள். ஆறு மணிக்குக் கிளம்பியும் போனாள்.

முதல் மூன்று நாள் போனைக் கீழே வைக்கவில்லை. யாராவது கூப்பிடுவார்கள், ஏதாவது எரியும், என்னைத் தேடுவார்கள் என்று. யாரும் கூப்பிடவில்லை. மண்டலக் குழுவில் எங்கள் கிளையின் எண்கள் வந்துகொண்டிருந்தன, அவள் போட்டாள். மாலை ஐந்தே முக்காலுக்கு. இதைப் பார்த்துத்தான் எனக்குச் சுருக்கென்றது. எண்கள் எப்போதுமே ஐந்தே முக்காலுக்குத் தயார்தான். கம்ப்யூட்டரில் ஒரு அறிக்கையை எடுத்தால் போதும். நான் இத்தனை வருஷமாக அதை எடுத்து வைத்துக்கொண்டு, ஒன்பது மணிக்குப் போட்டுவந்தேன். ஒன்பதுக்குப் போட்டால் ஒன்பதுவரை ஆபீஸில் இருக்கிறேன் என்று மேலே உள்ளவர்களுக்குத் தெரியும் அல்லவா. அதற்காக என் கிளையில் இன்னும் நாலு பேர் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மீதி ஏழு நாளில் உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை. எங்கள் தெரு காலை பதினொரு மணிக்கு எப்படி இருக்கும் என்று பார்த்தேன். 26 வருஷமாக வேலை நாளில் அதைப் பார்த்ததில்லை. கீரைக்காரம்மா சைக்கிளில் வருகிறார். எதிர்வீட்டுப் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறார். என் கணவர் மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். தானே சோற்றைப் போட்டுக்கொண்டு, ரேடியோவைத் திருப்பி வைத்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டுப் போகிறார். எத்தனை வருஷமாக என்று கேட்டேன். "உங்கம்மா போனதுலேர்ந்து. முன்னாடி அவங்க போடுவாங்க, பேசிக்கிட்டே சாப்பிடுவோம்" என்றார்.

திரும்பிப் போனேன். கிளை அப்படியே இருந்தது. தணிக்கையில் ஒரு குறையும் வரவில்லை. அடுத்த வருஷ அப்ரைசலில் அவளுக்குப் போட வேண்டியதைப் போட்டேன். எட்டு மணிக்கு மேல் குழுவில் செய்தி போடுவதில்லை என்று நானே எனக்கு ஒரு விதி வைத்துக்கொண்டேன். மாதத்தில் ஓரிரண்டு நாள் மீறுவேன், மீறினால் மறுநாள் மன்னிப்புக் கேட்பேன். அவள் 2023-இல் டி.என்.பி.எஸ்.சி. எழுதித் தேறி, அரசு வேலைக்குப் போய்விட்டாள். கிளம்பும் நாளில், முதல் வருஷ மார்க்கைப் பற்றி நானாகவே எடுத்தேன். "அதுக்காகவெல்லாம் போகலை மேடம்" என்றாள். மரியாதைக்குச் சொன்னாளா, நிஜமா, தெரியவில்லை.

ஐந்து நாள் வேலை வாரம் வரும் வரும் என்கிறார்கள். 2015 செப்டம்பரிலிருந்து இரண்டாம், நான்காம் சனி விடுமுறை கிடைத்தது. 2024 மார்ச்சில் சம்பள ஒப்பந்தம் கையெழுத்தானது, மீதிச் சனிக்கிழமைகளைப் பற்றிய பேச்சு இன்னும் ஓடுகிறது. வந்தால் நல்லதுதான். ஹெட் கேஷியர் சொன்னதுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது, சண்டை போட்டு வாங்கி எழுத்தில் வைப்பது என்று. தனியாளாக நான் போட்டுக்கொண்ட எட்டு மணி எல்லைக்கோட்டை, அடுத்து வரும் மேலாளர் ஒரே செய்தியில் அழித்துவிடலாம்.

மறுநாள் மகளைக் கூப்பிட்டேன். என்ன சொல்வது என்று ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்தது எதுவும் வாயில் வரவில்லை. "உனக்கு அந்த வேலை பிடிச்சிருக்கா?" என்று கேட்டேன். "பிடிச்சிருக்கும்மா, அதான் பிரச்சினையே" என்றாள். சரி, அப்படியானால் இன்னொரு கேள்வி என்றேன். "ராத்திரி அந்த எட்டரை மணி அழைப்புக்கு நீ உட்கார்ந்தா, கூட எத்தனை பேர் உட்காரணும்?"

"ஆறு பேர்."

"அவங்ககிட்ட கேட்டியா?"

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நீ ராய்ச்சூர் போகும்போது பாட்டிகிட்ட கேட்டியா?" என்றாள்.

கேட்கவில்லை. பாட்டி தானாகவே வந்தாள். வருவாள் என்று தெரிந்துதான் நான் சரி என்றேன். அதை மகளிடம் சொன்னேன். "எனக்கு அப்பவே தெரியும்மா" என்று சொல்லிவிட்டு, ஆறு பேரையும் கேட்டுவிட்டு வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றாள். இன்று வெள்ளி. இன்னும் கூப்பிடவில்லை.

இதை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நாலாம் ஸ்கேலுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் இந்தத் திங்கள். எனக்கு 51. தேறினால் அநேகமாக வெளிமாநிலம். வேண்டாம் என்று இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். விண்ணப்பத்தின் முதல் பக்கத்தை நிரப்பியும் வைத்திருக்கிறேன். நேற்று ராத்திரி அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கணவர் பால் டம்ளரோடு பின்னால் வந்து நின்றார். அவருக்கு வரும் மே மாதம் பள்ளியிலிருந்து ஓய்வு. திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். போடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"ராய்ச்சூர்ல வெயில் ரொம்ப ஜாஸ்தியோ?" என்று கேட்டார்.